நாற்பத்தோராவது கை

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். நானும் மகளும் நலம்தான். எனக்குக் கொஞ்சம் அசதி. நேற்று மட்டும் ஒன்பது பேர், காலையில் வந்து மதியமே வீட்டுக்குப் போகிற சின்ன அறுவைகள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிட்டேனாம். "அப்பா வந்ததும் நீ லீவு போட்டுட்டுத் தூங்கும்மா" என்கிறாள் உங்கள் மகள்.

கை அறுவைக்கு மரத்துப்போக வைக்கும் இரண்டு முறைகளில் எது மேல் என்று நீங்கள் தொடங்கி வைத்துவிட்டுப் போன ஒப்பீடு ஒருவழியாக முடிந்தது. அறுபது கைகள். பாதிப் பேருக்கு மேல்கையில் பட்டையை இறுக்கி ரத்தக்குழாயில் மருந்து, மீதிப் பேருக்கு அக்குளில் ஊசி. நீங்கள் சொன்னபடியே அக்குள்தான் ஜெயித்தது. பட்டை கட்டியவர்கள் இருபது நிமிடத்தில் முனக ஆரம்பித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் வலி என்ற பேச்சே எடுக்கவில்லை. கட்டுரை வெளிவந்தால் இங்குள்ள பணியிடம் உங்களுக்குத்தான் என்று துறைத்தலைவர் வாய்விட்டே சொன்னார்.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். நாற்பத்தோராவது ஆள் ஒரு பேக்கரிக்காரர். மணிக்கட்டில் கட்டி. அக்குளில் ஊசி போட்டேன். சாயங்காலம் வரை கை மரத்தே இருக்கும், கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள், சூட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அடுத்த ஆள் மேசையில் படுத்திருந்தார், மறந்துவிட்டேன். மனிதர் நேராகக் கடைக்குப் போயிருக்கிறார். நல்ல கையால் ரொட்டித் தட்டை எடுத்தபோது மரத்த கை அடுப்பின் இரும்புக் கதவில் பட்டபடியே இருந்திருக்கிறது. தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் பார்த்தாராம். தையல் பிரிக்க வந்தவர் என்னைத் திட்டவில்லை. "சும்மா சொல்லக்கூடாது டாக்டரம்மா, வலியே தெரியல" என்று நன்றி சொன்னார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"வீட்டுக்குப் போனப்புறம் நடந்தது நம்ம கணக்குல வராதும்மா" என்கிறார் துறைத்தலைவர். பட்டை கட்டியிருந்தால் அவிழ்த்த சற்று நேரத்திலேயே உணர்வு திரும்பியிருக்கும், கை சுட்டதும் இழுத்திருப்பார். அதனால் அந்தத் தீக்காயத்தையும் என் மறதியையும் அட்டவணையில் அக்குள் ஊசியின் கணக்கில் எழுதிவிட்டேன். உங்கள் கையெழுத்துக்காக இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதனால் பணியிடம் கைநழுவலாம். நீங்கள் இல்லாமல் இன்னொரு வருடம் என்று நினைத்தாலே அழுகை வருகிறது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள். அடித்து அனுப்பினால் நானும் அதற்கு ஒத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி