அவளுடைய வண்டி

மார்ச் 3, திங்கள்

சாவியைத் திருகினால் டக் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முதுகு ஆபரேஷனுக்காக மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து கார் கிளம்பாமலே நிற்கிறது. கல்யாணமான நாள் முதல் கார் அவள் பாடு. ஓட்டுவது, கழுவுவது, மெக்கானிக்கிடம் மல்லுக்கு நிற்பது எல்லாம் அவள்தான். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. பர்ஸில் இருக்கிறது.

மச்சான் வந்திருந்தான். "அக்காவால இனிமே ஓட்ட முடியுமோ என்னவோ. சும்மா நின்னு துருப்பிடிக்கறதுக்கு வித்துத் தொலைங்க மாமா." ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உள்ளே படுத்திருந்தவள் காதில் விழாமலா இருந்திருக்கும்? விற்றால் என்ன அர்த்தம்? நீ இனி ஓட்டப்போவதில்லை என்று நானே அவள் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகாதா? 28ஆம் தேதி டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை இந்த வண்டி ஓடும். ஓடவைப்பேன்.

மார்ச் 5

பேட்டரி மாற்றியாயிற்று. மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விலாவாரியாகப் பேசினார். எல்லாம் தெரிந்த மாதிரி "ஆமாமா" என்று தலையாட்டினேன். ஒரு மண்ணும் புரியவில்லை. கடைசியில், "ஆயில், தண்ணி, காத்து மூணையும் அப்பப்ப பாத்துக்குங்க சார்" என்றார்.

எங்கே பார்ப்பது? அதைக் கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 9

அவள் கட்டிலில், நான் வாசலில், நடுவே போன்.

"மஞ்சப் பிடி ஒண்ணு தெரியுதா? உருவுங்க. தொடைங்க. திரும்ப விட்டு எடுங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஆயில் இருக்கா?"

கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. வாங்கி வந்து ஊற்றினேன்.

தண்ணீருக்கு இரண்டு டப்பா. ஒன்று கண்ணாடி கழுவ, இன்னொன்று இன்ஜின் சூட்டைத் தணிக்க. இரண்டும் வெள்ளை. எந்தப் புண்ணியவான் யோசனை இது?

மார்ச் 12

ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. நான் தொடவே இல்லையே! ஆயில் குட்டி போடுமா?

மார்ச் 15

குறைந்துவிட்டது. மறுபடி ஊற்றினேன்.

மார்ச் 16

மறுபடி அதிகம். பைத்தியம் வண்டிக்கா, எனக்கா?

மார்ச் 18

கடைத்தெரு வரை போய் வந்தேன். வழியெல்லாம் பின்னால் புகை. மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏங்க, வண்டிய எந்தப் பக்கம் பாத்து நிறுத்துனீங்க?"

எங்கள் வாசல் சரிவு. ஒருநாள் நேரே ஏற்றியிருக்கிறேன், ஒருநாள் ரிவர்ஸில். சரிவில் நின்றால் ஆயில் ஒருபக்கமாக ஒதுங்கிவிடுமாம். சமதரையில்தான் பார்க்க வேண்டுமாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"இதக்கூடவா சொல்லணும்!" என்று ஆரம்பித்தவள், சிரித்தாள், சிரித்தாள், "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று தலையணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இதுதான் முதல் சிரிப்பு. இதற்காக இன்னும் ஒரு டின் ஊற்றலாம் என்று தோன்றியது. மெக்கானிக் வந்து அதிகப்படியை வடித்துவிட்டுப் போனார். அவரும் சிரித்தார். அது அவ்வளவு பிடிக்கவில்லை.

மார்ச் 27

காற்று சரி. தண்ணீர் சரி. தெருமுனைச் சமதரையில் பார்த்தேன், ஆயிலும் சரி. நாளைக்கு டாக்ஸி அனுப்பட்டுமா என்று மச்சான் கேட்டான். எதுக்கு, நம்ம வண்டி இருக்கே என்றேன்.

மார்ச் 28

ஒரு பள்ளத்தில்கூட இறங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடக்கலாம், வேலைக்குப் போகலாம் என்றார். "கார் ஓட்டறது மட்டும் இனிமே வேணாம்மா." அவள் சரி என்றாள்.

வெளியே வந்ததும் பழக்கத்தில் டிரைவர் பக்கம் போய்க் கதவில் கைவைத்தாள். நின்றாள். பிறகு சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து ஏறினாள். நானும் ஏறி உட்கார்ந்தேன்.

பெல்ட்டைப் போட்டுக்கொண்டு என் காலைப் பார்த்தாள்.

"முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது. சீட்ட ஏன் பின்னாடி தள்ளிக்கல?"

அது அவள் உயரத்துக்கு அவள் வைத்தது. அதை எப்படி நகர்த்துவேன்?

"அடியில கம்பி இருக்கும். தூக்கிட்டுத் தள்ளுங்க."

தள்ளினேன். கால் நீட்ட இடம் கிடைத்தது. அழுதுவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கெளம்புங்க, பின்னாடி வண்டி நிக்குது" என்றாள்.