கூட்டி எழுதிய டிப்ஸ்

டுலூத், மின்னசோட்டா
11 ஜனவரி 1998

அன்பு நெல்டா,

வந்து இரண்டு மாதமாகியும் எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் டேலுக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு ஏரிக்கரையில் ஓர் உணவகத்தில் அதே பரிமாறும் வேலைதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாதாம். மணிக்கு ஐந்து டாலர் பதினைந்து சென்ட்டை முதலாளி முழுசாகத் தருகிறார். டிப்ஸ் அதற்கு மேல். முதல் சம்பளத்தை வாங்கியதும், தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுக்கப் போனேன்!

அங்கே நம் முதலாளி ப்ரூவிட் இன்னும் மணிக்கு அதே இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட்தான் தருகிறாரா?

உன் கொரீன்


ஒப்பலைக்கா, அலபாமா
2 பிப்ரவரி 1998

அன்புள்ள கொரீன்,

கடிதம் கிடைத்தது. நன்றாக இரு.

அதே இரண்டு பதின்மூன்றுதான். அதனால் என்ன, என் மேஜைகளில் டிப்ஸ் கொட்டுகிறது. நீ விட்டுப்போன ஜன்னலோர மேஜைகள் எனக்கு வரும் என்று பார்த்தேன். ப்ரூவிட் அவற்றை, வந்து ஒரு மாதமே ஆன ஷானாவுக்குக் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வயது. முடியை ஆட்டி ஆட்டிக் காபி ஊற்றுகிறாள். வழக்கமாக என் மேஜைக்கு வரும் லாரிக்காரர்கள்கூட அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, "கோச்சுக்காத நெல்டா, இந்தப் பக்கம்தான் வெயில் நல்லா வருது" என்கிறார்கள். ஜனவரியில் என்ன வெயில்?

அப்படியும் போன வாரம் அவளைவிட எனக்கு நான்கு டாலர் அதிகம். வேலை முடிந்ததும் டிப்ஸ் எழுதுவோமே, சுவரில் தொங்கும் தாள், அதிலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நெல்டா


டுலூத்
20 பிப்ரவரி 1998

அன்பு நெல்டா,

நீ காரை விற்றுவிட்டு நடந்து வேலைக்குப் போவதாக டேலின் தம்பி சொன்னான். டிப்ஸ் கொட்டுகிறவள் காரை ஏன் விற்கிறாள்?

கோபித்துக்கொள்ளாமல் கேள். உங்கள் ஊரிலும் ஒரு விதி இருக்கிறதாம். ஒரு வாரத்துச் சம்பளமும் டிப்ஸும் சேர்ந்து மணிக்கு ஐந்து பதினைந்துக்கு வராவிட்டால், குறைவதை முதலாளி போட்டே ஆக வேண்டும். ப்ரூவிட்டிடம் கேள். பிச்சை இல்லை, உன் பணம்.

உன் கொரீன்


ஒப்பலைக்கா
6 மார்ச் 1998

கொரீன்,

எப்படிக் கேட்பேன்? என் கையாலேயே எழுதியிருக்கிறேனே! பன்னிரண்டு டாலர் வந்த நாளில் இருபத்தேழு என்று. ஷானா எழுதியதைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் எழுதுகிறேன். நீ இருந்தபோதும், முந்தின நாள் நீ எழுதியதைப் பார்த்து அப்படித்தான். உன் தொகைக்குக் கீழே என் தொகை சின்னதாக நிற்பதை என்னால் பார்க்க முடியாது. வராத பணத்துக்கு வரியும் கட்டினேன். தாளில் எல்லாம் சரியாக இருக்கும்போது ப்ரூவிட் ஏன் போடப்போகிறார்?

உன்மேல் எனக்கு வயிறு எரிகிறது. உன் கடிதம் வரும் நாளில் சாப்பாடு இறங்குவதில்லை. நீ போகாமல் இங்கேயே கஷ்டப்பட்டிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். இனி சம்பளத்தைப் பற்றி எழுதுவதானால் எழுதவே வேண்டாம்.

நெல்டா


டுலூத்
14 மார்ச் 1998

நெல்டா,

நானும் கூட்டித்தான் எழுதினேன்.

நீ எழுதி முடிக்கும்வரை கழிவறைக்குள் நிற்பேன். பிறகு வந்து, உன் தொகைக்கு மேல் மூன்று டாலர் வைத்து எழுதுவேன். பதினொரு வருடம். என் மேஜையில் உட்கார்ந்தவர்கள்கூட, "இன்னிக்கு நெல்டா வரலியா?" என்றுதான் கேட்பார்கள். நான் வேறு என்ன செய்வேன்? நாம் இருவரும் முந்தி முந்தி ஓடினோம், லாபம் ப்ரூவிட்டுக்குப் போனது.

இங்கே டிப்ஸ் ஒன்றும் பெரிதாக வருவதில்லை.

கொரீன்


ஒப்பலைக்கா
5 ஏப்ரல் 1998

அன்புள்ள கொரீன்,

நீயும் பொய்தான் எழுதினாய் என்று படித்ததும் முதலில் வந்தது கோபமில்லை, சந்தோஷம். நீ என்னைவிட அதிகம் வாங்கவில்லை! அப்புறம்தான் அழுதேன்.

போன வாரம் முழுக்க உள்ளதை எழுதினேன். மொத்தம் எண்பத்து மூன்று டாலர். ப்ரூவிட் தாளைத் தட்டி, எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன நெல்டா, யாரும் உன்னைக் கண்டுக்கிறதில்லையா?"

"கண்டுக்கலதான். மிச்சத்த நீங்க போடுங்க."

ஷானா சிரித்துவிட்டாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் முப்பத்தெட்டு டாலர் சேர்த்துப் போட்டார். மறுநாளே என்னைக் கழிவறைப் பக்க மேஜைகளுக்குத் தள்ளிவிட்டார்.

உன்மேல் பொறாமை போய்விடவில்லை. உன் ஐந்து பதினைந்தை நினைத்தால் இப்போதும் எரிகிறது. ஆனால் உன் கடிதம் வராத வாரங்களில் தபால் பெட்டியைத் தினம் இரண்டு முறை திறந்து பார்த்தேன். அது இதைவிட மோசம்.

அங்கே டிப்ஸ் வருவதில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. நேற்று நிஜமாக எவ்வளவு வந்தது என்று எழுது. கூட்டாதே. எனக்காகக் குறைக்கவும் செய்யாதே.

உன்
நெல்டா