பஞ்சாட்ட ஓடிய கார்

அத்தை,

இன்று காலை சாவியைத் திருப்பியதும் உங்கள் காரின் எஞ்சின் பெல்ட் அலறியது. கொஞ்சநஞ்ச அலறல் இல்லை. தென்னையில் இருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அக்கா வேலியோரம் வந்து, "ஏங் கண்ணு, பன்னிக்குட்டி மேல ஏத்திப்போட்டியா?" என்று கேட்டார். ரப்பர் கருகிய வாடை வந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் உங்கள் பேத்தி பிஸ்கட் உறையைப் பிரிப்பதிலேயே கவனமாக இருந்தாள். நிமிரக்கூட இல்லை.

மறுபடி சாவியைத் திருப்பினேன். மறுபடி அலறல். இந்த முறை நான் காரைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தேன். உறையின் ஓரம் கிழிந்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தாள்.

அந்த நிமிடம் எனக்குக் கேட்டது உங்கள் குரல்தான், அத்தை. "வண்டி பஞ்சாட்ட ஓடுது கண்ணு."

இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாரிலிருந்து கல்யாணமாகிப் பாலக்காட்டுப் பக்கம் இந்தப் பெருமாட்டிக்கு வந்த புதிதில், இங்கே 'ஆட்ட' என்றால் 'மாதிரி' என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பஞ்சாட்ட என்றால் பஞ்சு மாதிரி. நீங்கள் இந்தப் பழைய வெள்ளைக் காரைப் பற்றி யாரிடம் பேசினாலும் அதைத்தான் சொல்வீர்கள். முன்னெல்லாம் ஒரே சத்தமாம். வயதாக ஆக வண்டி அடங்கிவிட்டதாம், நல்ல மாடு மாதிரி. எனக்கோ அதில் ஏறினால் எங்கள் எஸ்டேட்டுத் தேயிலை லாரியில் ஏறியது போலிருக்கும். புது மருமகள் என்ன சொல்ல முடியும்? உங்கள் மகன் மட்டும் ஒருநாள் சொன்னார்.

"அம்மா, வண்டி டிராக்டராட்டக் கத்துது. ஒர்க்‌ஷாப்ல உடோணும்."

"உன்ர காதுல கோளாறு. போயி டாக்டரைப் பாரு."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நானும் சிரித்தேன்.

கொழிஞ்சாம்பாறை நெல் மில்லுக்கு என்னை அழைத்துப் போன நாளில்தான் எனக்குத் தெரிந்தது. மில் வாசலில் காரை அணைக்காமல் நிறுத்தியிருந்தீர்கள். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் தரையெல்லாம் அதிர்ந்தது. மூட்டைகளை ஏற்றியதும் வந்து உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்தீர்கள். பல்லோடு பல் அரைபடுகிற அந்தச் சத்தத்தில் மில் ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் சாவியை விடவில்லை. முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. நான்தான் உங்கள் கைமேல் கை வைத்து விலக்கினேன். என்னைப் பார்த்தீர்கள், பிறகு மில் ஆட்களைப் பார்த்தீர்கள். ஸ்டீயரிங்கில் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி வைத்து எஞ்சினின் அதிர்வைத் தேடினீர்கள்.

வீடு வருவதற்கு முன்னால் ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்.

"அவங்கிட்டச் சொல்லிப்போடாதே அம்மணி. சாவியைப் புடுங்கி ஆணியில மாட்டிப்போடுவான்."

"எத்தன நாளாக் காது கேக்கல அத்தை?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டாவது முறை கேட்டதும், "தெரியுலையே கண்ணு" என்றீர்கள். "வண்டிதான் அடங்கிருச்சுன்னு நெனச்சேன்."

மாமா போன பிறகு நீங்களாகக் கற்றுக்கொண்ட டிரைவிங் அது. தேங்காய் மண்டிக்கும் கோயிலுக்கும் தங்கை வீட்டுக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய் வந்தீர்கள். அந்தச் சாவி உங்களுக்கு என்ன என்பது வந்த ஒரு மாதத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் சரி என்றேன். அன்றிலிருந்து நீங்கள் எங்கே போனாலும் பக்கத்து சீட்டில் நான் இருந்தேன். பின்னால் ஹார்ன் அடித்தால் உங்கள் தோளைத் தொடுவேன். மாமியாரும் மருமகளும் எவ்வளவு ஒற்றுமை என்று ஊரே பேசிக்கொண்டது.

காரின் கோளாறையும் நாமே பார்த்தோம், மறுநாள் காலையில், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள்.

"எப்படிக் கத்துதுன்னு சொல்லு."

"தடதடன்னு."

"தடதடன்னா? உலக்கை உழுகறாப்லயா, அம்மி ஆடறாப்லயா?"

"எங்க ஊர் தேயிலை ஃபேக்டரியில ரோலர் ஓடுமில்ல அத்தை, அந்த மாதிரி."

"உங்க ஃபேக்டரியை நான் எங்க கண்டேன்! நம்மூர்ச் சத்தமாச் சொல்லு."

யோசித்தேன். "ஒரு கால் நொண்டிக்கிட்டு ஓடினா எப்படி இருக்கும்? தட் தட்… ஒண்ணு விட்டுப் போகுது. மறுபடி தட் தட்…"

அதைக் கேட்டதும், இல்லை, என் உதட்டில் படித்ததும், உங்கள் முகம் தெளிந்தது. "மூணு அடுப்புல ஒண்ணு எரியுல" என்றீர்கள். மூன்று சிலிண்டர் எஞ்சினை எனக்கு அதைவிட எளிதாக யாரும் விளக்கியிருக்க முடியாது. எந்த அடுப்பு என்றுதான் கண்டுபிடிக்க வேண்டும். ஓடுகிற எஞ்சினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம் என்றீர்கள். எரிகிற அடுப்பின் வயரைப் பிடுங்கினால் எஞ்சின் இன்னும் தள்ளாடும். ஏற்கெனவே அணைந்துபோன அடுப்பென்றால் ஒரு மாற்றமும் இருக்காது.

நான் சமையலறைக்கு ஓடிப்போய் பாத்திரம் பிடிக்கிற இடுக்கியோடு வந்தேன். நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "இடுக்கிக்காரி இடுக்கியோட வந்துட்டாளாக்கும்! கரண்டு தூக்கியடிக்கும் சாமி. காஞ்ச துணியை எடுத்துட்டு வா." துணியை மடித்துப் பிடித்துக்கொண்டு நீங்கள் வயரைப் பிடுங்கினீர்கள். மற்றக் கையை மட்கார்டின் மேல் பரப்பி வைத்திருந்தீர்கள். நான் காதால் கேட்டேன், நீங்கள் கையால் கேட்டீர்கள். முதல் வயர், தள்ளாடியது. இரண்டாவது வயரையும் உடனே பிடுங்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டீர்கள்.

"மொதல்ல கழட்டினதை மாட்டு. பொறவு அடுத்தது. ரெண்டையும் கழட்டிப்போட்டா எதுல நோவுன்னு எப்படித் தெரியும்?"

இரண்டாவதிலும் தள்ளாடியது. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பிளக் கரிக்கட்டை போல வெளியே வந்தது. புதுப் பிளக் போட்டதும் எனக்கும் அந்தக் கார் பஞ்சாட்ட ஓடியது.

பிறகு பாப்பா பிறந்தாள். பிறந்தபோது பார்த்த பரிசோதனையில் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் சொன்னார்கள். இரவில் அழாத, பகலில் தொட்டிலில் போட்டால் போட்டபடி தூங்குகிற பிள்ளை. நீங்கள் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசுவீர்கள், உங்கள் குரல் எவ்வளவு உரத்தது என்று உங்களுக்குத் தெரியாமல். அவள் அசையமாட்டாள். "என்ர பேத்தி நெம்பச் சமத்து" என்பீர்கள். நானும் வண்டிப்பெரியாருக்குப் போன் போட்டு, "மிக்ஸி போட்டாக்கூட எம்பிள்ள முழிக்காதும்மா" என்று அம்மாவிடம் பீற்றிக்கொள்வேன்.

அவளுக்கு நான்கு மாதம் ஆகியிருந்தபோது ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தீர்கள். காப்பி கலந்து எடுத்துவந்து அறை வாசலில் நின்று, "அத்தை, காப்பி" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். கேட்கவில்லை போலிருக்கிறது, தூங்கட்டும் என்று டம்ளரை மூடி வைத்துவிட்டுப் பாப்பாவைக் குளிப்பாட்டப் போனேன். திரும்பி வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. நான் கூப்பிடுவதற்கு வெகு நேரம் முன்பே போய்விட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். எழுப்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். இருந்தாலும் இன்றைக்கும் யாராவது கூப்பிட்டதும் திரும்பாவிட்டால் ஓடிப்போய்த் தோளைத் தொட்டுவிடுகிறேன், அத்தை. உங்கள் மகன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தால்கூட.

அன்று இந்த வீட்டில் எழுந்த ஒப்பாரிக்கு நடுவில் பாப்பா தொட்டிலில் தூங்கிக்கொண்டே இருந்தாள். உறவுக்காரப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பத்தா போனது தெரியாமத் தூங்குது பாரு, சமத்து" என்றார்கள். எனக்கும் அப்போது அது ஆறுதலாகத்தான் இருந்தது.

இப்போது ஒன்றேகால் வயது. இன்னும் பேச்சு வரவில்லை. சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்றார்கள். அதையும் நம்பினேன்.

காலையில் அவளை உள்ளே தடுப்புக்கு அப்பால் விட்டுவிட்டு பானெட்டைத் திறந்தேன். பெல்ட்டா, பேரிங்கா? எஞ்சினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பெல்ட்டின் மேல் தண்ணீரைத் தெளித்தேன். அலறல் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி தொடங்கியது. அப்படியானால் பெல்ட்தான். அணைத்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். துணி காயப்போடும் கொடி போலத் தொய்ந்திருந்தது. விரிசல் இல்லை. டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, கடப்பாரை நுனியால் நெம்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி இறுக்கினேன். கையில் தோல் வழன்றது. மீண்டும் ஸ்டார்ட் செய்தபோது ஒரு சத்தமும் இல்லை. வேறொரு நாளாக இருந்திருந்தால் துள்ளியிருப்பேன். இன்று அந்த அமைதியில் நிற்க முடியாமல் உள்ளே ஓடினேன்.

ஒவ்வொன்றாக, அத்தை. முதலில் அவள் முதுகுப் பக்கம் உட்கார்ந்து கிண்ணத்தைத் தரையில் வைத்துக் கரண்டியால் தட்டினேன். திரும்பினாள்! அப்படியே வாரி எடுத்து முத்தமிட்டேன், அழுதேன். அவளும் என் கன்னத்தை ஈரமாக்கினாள். பிறகுதான் மில் வாசல் ஞாபகம் வந்தது, அதிர்ந்த அந்தத் தரை. அவளை மறுபடி உட்காரவைத்தேன். கிண்ணத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துத் தட்டினேன். வலப்பக்கம் தட்டினேன், இடப்பக்கம் தட்டினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கத்தினேன். அவள் தன் கால்விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். சொல்ல வேண்டாம் என்றுகூட நினைத்தேன். நாம் இருவரும் வைத்துக்கொண்டதைப் போல இவளும் நானும் வைத்துக்கொள்ளலாம், இவளுக்கும் நானே காதாக இருந்துவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். சமத்துப் பிள்ளை என்ற பெயர் இன்னும் கொஞ்ச நாள் அவளுக்கு இருக்கட்டுமே என்று.

பிறகு கஞ்சிக்கோட்டுக்கு, அவர் வேலை செய்கிற இடத்துக்கு, போன் போட்டேன்.

"என்னங்க, பாப்பாவுக்குக் காது கேக்கலையோன்னு தோணுது."

உளறாதே என்பார் என்று எதிர்பார்த்தேன். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "எப்படிச் சொல்றே?" என்றார்.

"தரையில தட்டினாத் திரும்புறா. தூக்கிப் பிடிச்சுத் தட்டினாத் திரும்பல."

"அம்மாவும் அப்படித்தான்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? அம்மா வண்டி எடுத்தாப் போதும், எனக்கும் அந்தப் பக்கமே ஒரு சோலி வந்துருமே, நீ நெனச்சுப் பாக்கவே இல்லையா? பின்னாடியே பைக்ல வந்துட்டிருப்பேன். நீ வந்து பக்கத்துல உக்காந்த பொறவுதான் உட்டேன்."

"ஏன் யாருக்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா அவங்களே சாவியைக் குடுத்துப்போடுவாங்க. குடுத்துட்டு ஊட்டுக்குள்ள உக்காந்துக்குவாங்க. அப்பா போனப்ப உக்காந்தாப்ல. ஒரு மெஷின் வாங்கிக் காதுல மாட்டி உட்டிருக்கலாம். அம்மாகிட்டக் கேக்க எனக்கு வாய் வரலை. நாளைக்கு லீவு சொல்லிர்றேன். பாப்பாவைப் பாலக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்."

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், அத்தை. உங்கள் மகனுக்குத் தெரிந்திருந்தது. நாம் அவரிடமிருந்து மறைத்தோம், அவர் நம்மிடமிருந்து மறைத்தார். மூன்று பேரும் ஒரே பாசத்தில்தான் செய்தோம். ஆனால் அந்தப் பாசத்துக்குள் நீங்கள் தனியாக இருந்தீர்கள். கல்யாண வீடுகளில் எல்லோரும் சிரித்த பிறகு ஒரு கணம் கழித்துச் சிரிப்பீர்கள். ஒப்புக்குச் சிரித்த அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். "என்ன சொன்னாங்கன்னு சொல்லட்டுமா அத்தை?" என்று ஒருமுறைகூட உங்களிடம் கேட்டதில்லை. கேட்டால் உங்கள் ரகசியம் உடைந்துவிடும் என்று நினைத்தேன்.

பாப்பா தூங்குகிறாள். இன்று அவள் தூக்கத்தை நான் யாரிடமும் மெச்சவில்லை. சாயங்காலம் வேலியோரம் அந்த அக்கா, "பன்னி செத்துதா பொழச்சுதா?" என்று கேட்டபோது, பெல்ட்டைச் சரிசெய்ததைச் சொன்னேன். அதோடு பாப்பாவைப் பற்றியும் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வேலியைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உலகம் இடிந்துவிடவில்லை, அத்தை. நான் அழுதேன், அவ்வளவுதான்.

நாளை ஓட்டப்போவது நான். அவர் பின்சீட்டில் அவளோடு உட்காருவார். டாக்டர் என்ன சொல்வாரோ தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதை முதலில் அவளிடம் சொல்லப் போகிறேன். புரிகிற வயதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனாலும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அவளைத் தூக்கி என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, வாயசைவு தெரியும்படி மெதுவாகச் சொல்வேன்.