இரண்டாம் கோட்டைக்கும் மூன்றாம் கோட்டைக்கும் நடுவே

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அவள் முழங்காலையும் என் காதையும் சேர்க்காமல் பார்த்தால். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், முப்பத்தாறு வருஷமாக நமக்குள் நடப்பது அதுதானே. இதைப் பேத்திக்குச் சத்தமாக வாசித்துக் காட்டாதே. முதலில் நீ தனியாக உட்கார்ந்து கடைசிவரை படி.

அடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் மூன்று பேரும் வருகிறீர்கள், அப்பாவின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கோட்டைகளையும் நடந்தே பார்க்கப்போகிறீர்கள் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. கீழ்வீட்டுத் தையல்காரரிடம் பேத்திக்கு முதுகுப்பை தைக்கக் கொடுத்தாள். அளவு வேண்டுமே என்று பக்கத்து வீட்டுக் குழந்தையை நிறுத்தி அளவெடுத்தாள், அதற்கு வயது நாலு. பை வந்திருக்கிறது, உள்ளே ஒரு கைக்குட்டை தாராளமாகப் போகும். உன் சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி வண்டி ஓட்டுகிறார், தெருவில் போகிறவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். குழந்தைக்கு நடக்கிற செருப்பை இப்போதே வாங்கிப் பழக்கு, புதுச் செருப்போடு அந்தச் சமவெளியில் இறங்கினால் முதல் நாளே கொப்புளம். இதெல்லாம் சொல்லிக்கொண்டே போகலாம், ஆனால் நான் சொல்ல உட்கார்ந்தது வேறு.

எங்கள் சர்வே ஆபீசில் ஒரு விதி இருந்தது. காலால் நடந்து பார்த்த பாதையை முழுக்கோடாகப் போட வேண்டும், பிறர் சொல்லிக் கேட்ட பாதையைப் புள்ளிக்கோடாகப் போட வேண்டும். புள்ளிக்கோட்டைப் பார்த்தால் நடக்கிறவன் உஷாராகி, அக்கம்பக்கம் விசாரித்துக்கொண்டு போவான். முழுக்கோட்டை அப்படியே நம்பி நடப்பான். வேலையில் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொடுப்பதே இதைத்தான். உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் ஒரு கதை சொல்வேன் இல்லையா, மூன்று கோட்டைக்கும் நடந்து அளந்து முடித்த அன்றைக்குத்தான் நீ பிறந்தாய், மூன்றாம் கோட்டை வாசலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன் என்று? நீ அதைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதிப் பரிசுகூட வாங்கினாய். அது பொய் அம்மா. நான் ஓடிவந்தது இரண்டாம் கோட்டையிலிருந்து. மத்தியானம் சேதி வந்தது, நிலம் அளக்கும் சங்கிலியையும் அளவுப் புத்தகத்தையும் கூட வேலை பார்த்த நெட்டையன் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அதற்கப்புறம் இருந்த ஆறு கிலோமீட்டரை நான் நடக்கவே இல்லை. அன்றைக்குக் கிளம்புமுன் கோட்டை வாசலில் டிக்கெட் கிழிப்பவரைக் கேட்டேன், "நேரா போங்க சார், கண்ணு முன்னாடியே தெரியுதே"ன்னு கை நீட்டினார். அந்தச் சமவெளியில் ஒரு கோட்டையிலிருந்து பார்த்தால் அடுத்த கோட்டை தெரியும். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வழி கேட்டால் யாரும் நேராகத்தான் கை காட்டுவார்கள். நான் அதை முழுக்கோடாகப் போட்டுவிட்டேன்.

நீ வருவதாகச் சொன்ன பிறகு எனக்கு இது உறுத்த ஆரம்பித்தது. எட்டு வயதுக் குழந்தையோடு வருகிறாய், நான் மிதிக்காத தரையில் அது என் பேச்சை நம்பி நடக்கும். அதனால் போன வாரம் நானே நடந்து பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். உன் அம்மா, "தனியா போய் எங்கயாவது விழுந்து கிடக்கவா"ன்னு கேட்டுவிட்டு முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. வழி முழுக்க ஒரு பக்கம் மக்காச்சோளம், ஒரு பக்கம் அறுத்து முடித்த வெறும் நிலம். வேலிக்கதவைத் திறந்தால் மறக்காமல் சாத்திவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் மாடு வெளியே வந்துவிடும், இதைப் பேத்திக்குச் சொல்லி வை. முதல் கோட்டையில் மதில் பாதிதான் நிற்கிறது, கல்லிடுக்கெல்லாம் புறா. இரண்டாம் கோட்டையில் கோபுரத்தின் மேலே ஏறலாம், நூற்றிப்பன்னிரண்டு படி, உன் அம்மா கீழேயே உட்கார்ந்துகொண்டு எண்ணிக்கொள்ளச் சொன்னாள். மேலேயிருந்து பார்த்தால் மூன்றாம் கோட்டை மேசையில் வைத்த மாதிரி தெரிகிறது. நடுவில் ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. அன்றைக்கு நான் ஏன் ஏமாந்தேன் என்று அங்கே நின்றபோது புரிந்தது, ஏமாந்தது சரி என்று தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அந்த ஆறு கிலோமீட்டரில் இறங்கினோம். அஞ்சு கிலோமீட்டர் வாய்க்கால் கரையோடு பாதை ஒழுங்காகவே போகிறது. கோட்டைச் சுவர் தலைக்கு மேலே வந்துவிட்ட பிறகு ஒரு பெரிய பச்சைப் புல்வெளி. குறுக்கே வரிசையாகக் குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. நான் ஒரு குச்சியைத் தாண்டிக் காலை வைக்கப் போனேன், பின்னாலிருந்து ஒரு குரல், "நில்லுங்க! நில்லுங்க! அது தரை இல்ல!" பக்கத்துப் பண்ணை வீட்டிலிருந்து ஒரு அம்மா கையில் பால் வாளியோடு ஓடி வந்தார். அறுபது வயதிருக்கும். அது கோட்டையின் பழைய வெளி அகழியாம். மண் தூர்ந்து மேலே புல் மூடிவிட்டது, கோடையில் மாடுகூட மேயும், மழை பெய்துவிட்டால் இடுப்பளவு சேறு. ஊர்க்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, வடக்கே வண்டிப்பாதையில் சுற்றித்தான் கோட்டை வாசலுக்குப் போவார்களாம். ஒரே ஒரு தடவை அங்கே நடந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். உன் அம்மாதான் கேட்டாள், குச்சி யார் நட்டது என்று. அவர் வீட்டுக்காரர் நட்டதாம். அந்தப் பக்கம் வருகிற நடைக்காரர்களைப் பார்த்தால் வேலையைப் போட்டுவிட்டுக் கத்திக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்புவாராம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தனியாக வந்து உள்ளே இறங்கிவிட்டார். இவர் ஏணியைப் படுக்கப் போட்டு, சேற்றில் இரண்டு மணி நேரம் நின்று அவரை இழுத்து வெளியே போட்டிருக்கிறார். வாத்தியார் பிழைத்துவிட்டார். இவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டு, ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அந்த வாத்தியார் வருஷா வருஷம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போடுகிறாராம். "நான் பிரிக்கிறதே இல்லீங்க. கண்ணத் தொறந்து நடக்கத் தெரியாத ஆளுக்காக என் புருஷன் போனாரு. அந்த வாத்தியார் கையில ஒரு பச்ச அட்ட காகிதம் இருந்துச்சு, அதப் பாத்துக்கிட்டே வழி தப்பி வந்திருக்காரு." பச்சை அட்டை எது என்று உனக்குத் தெரியும், நான் போட்ட அந்த வரைபடம்தான் உன் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. என் சட்டைப்பையிலும் அதேதான் மடித்து இருந்தது. நான் கையால் பையை மூடிக்கொண்டேன். தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் உன் அம்மா வெகு நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் ஆரம்பித்தேன், அன்றைக்குக் குழந்தை பிறந்துவிட்டதே, வேறென்ன செய்திருக்க முடியும் என்று. அவள் திரும்பினாள். "குழந்த மேல போடாதீங்க. வரைபடத்தக் குடுக்கப் பதினோரு நாள் இருந்துச்சு உங்களுக்கு. நெட்டையன் வீட்டுக்கே வந்து ஒருதடவ போய்ட்டு வந்துரலாம் சார்னு கேட்டாரு. நான் உள்ள படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தட்டையா கெடக்கற நெலத்துல என்னய்யா இருக்கப்போவுதுன்னு சொன்னது நீங்க." முப்பத்தாறு வருஷம் அவள் இதை வாயைத் திறந்து சொன்னதில்லை. உன் பிறந்தநாள் கதையை நான் சொல்லும்போதெல்லாம் சமையலறைக்கு எழுந்து போவாளே, வேலையிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். மகளே, நன்றாகக் கேட்டுக்கொள், நீ பிறந்ததால் எதுவும் நடக்கவில்லை. பதினோரு நாள் என் கையில் இருந்தது, நான் சோம்பலாலும் மெத்தனத்தாலும் போகவில்லை. அந்த மனிதர் செத்தது அதனால்தான்.

நேற்று முன்தினம் மறுபடி போனேன், இந்தத் தடவை தனியாக. அந்த அம்மா என்னை அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி போட்டார். வரைபடத்தை மேசையில் விரித்து, இதைப் போட்டது நான் என்றேன். உன் பிறப்பு பற்றித்தான் முதலில் வாயில் வந்தது, அதோடு நிறுத்தாமல் பதினோரு நாளையும் சொன்னேன். அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக் கோட்டைவரை நகர்த்தினார். "அப்ப அந்த வாத்தியார் வழி தப்பல"ன்னு மட்டும் சொன்னார். பிறகு எழுந்து அலமாரி இழுப்பறையிலிருந்து பிரிக்காத ஒன்பது உறைகளையும் எடுத்துவந்து வைத்தார். அவருக்கு எழுத்து சரளமாக வராது, என்னையே எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "வாத்தியார் ஐயா, நீங்க வழி தப்பல. உங்களத் திட்டினதுக்கு நான்தான் வருத்தப்படணும். இனிமே என்கிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதாதீங்க. கேக்க வேண்டியவரு இத எழுதிக்கிட்டு இருக்காரு." எத்தனையோ எல்லைத் தகராறில் தயங்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் கடைசி வரியை மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது. அவர் கீழே கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி என்னிடமே தபாலில் சேர்க்கக் கொடுத்தார். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். கேட்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன், வேலிக்கதவைக்கூடச் சாத்தாமல்.

ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது இருக்கிற அதிகாரி நல்ல பிள்ளை, என் பேரன் வயது இருக்கும் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. மூன்று கோட்டை டிக்கெட் ஜன்னலிலும் அறிவிப்பு ஒட்ட ஏற்பாடு செய்கிறேன் என்றார், அடுத்த அச்சில் பாதை வடக்கே மாறும். வாத்தியாருக்கு உறையைத் தபாலில் போட்டாகிவிட்டது. நீங்கள் வாருங்கள், வராமல் இருந்துவிடாதே. வண்டிப்பாதையில் சுற்றிப் போகலாம், நான் கூட வருகிறேன். அந்தப் பண்ணை வீட்டுப் பக்கம் நீ வர வேண்டுமா என்பதை நீயே முடிவு செய், நான் எதுவும் சொல்லமாட்டேன்.

நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று பயமாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல், மறைக்காதே. பேத்திக்கு எப்போது சொல்வது என்பது உன் இஷ்டம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் நம்பும்படியாக நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மாவும் நானும் மனதார வேண்டிக்கொள்கிறோம். குழந்தையின் செருப்பை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் நான் அந்த அம்மா வீட்டுக்குப் போகிறேன், கேட்டுவிட்டு வருவதற்கு. போகாமல் இருக்க எனக்கு ஆயிரம் காரணம் தோன்றும், என்னை எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லிவிட்டால் போயே ஆக வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணி, கேட்டீங்களா என்று மட்டும் கேள்.

உன்
அப்பா