விடை மட்டும் போதாது

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முணுமுணுக்கிறது, நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. உன் இருமல் விட்டதா, அறையில் ஜன்னல் சரியாக மூடுகிறதா, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் போனில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘ம்’ போடுகிறாய், அதனால்தான் எழுதிக் கேட்கிறேன், எழுதியே பதில் போடு. இன்னொரு காரணமும் உண்டு. போனில் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் பாதியிலேயே உன் தங்கை பிடுங்கிக்கொள்கிறாள். சில்வண்டு என்று நீ வைத்த பெயர் வீணாகவில்லையடி, பன்னிரண்டு வயதில் வாய் ஒரு நிமிஷம் மூடுவதில்லை. இப்போது அவளும் அப்பாவும் கடைக்குப் போயிருக்கிறார்கள், அவர்கள் திரும்புவதற்குள் முழுக் கதையையும் எழுதிவிட வேண்டும்.

கோடை விடுமுறையில் அவளைக் கணக்கு வகுப்பில் சேர்த்தபோது நீ என்னோடு சண்டை போட்டாய். “லீவுல கூட பிள்ளையை விடமாட்டீங்களாம்மா” என்று கேட்டாய். உண்மையைச் சொல்கிறேன், சேர்த்தது நானில்லை, அவளேதான் நச்சரித்துச் சேர்ந்தாள். போன வருஷம் முழுக்கக் கணக்குப் பாடத்தில் பேசிப் பேசியே ஆசிரியர் மேசைக்கு முன்னால் தனி நாற்காலி வாங்கியவள் அல்லவா, ஏன் அப்படி என்று கேட்டபோது “எனக்குத் தெரிஞ்சதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்கம்மா, பேசலைன்னா தூங்கிடுவேன்” என்றாள். இந்த வகுப்பில் ஏழாவது முடித்த பிள்ளைகளுக்கு எட்டாவதின் கணக்கைக் கோடையிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். கடைசித் தேர்வில் தேறினால் பள்ளி திறந்ததும் கணக்குக்கு மட்டும் ஒன்பதாவது பிள்ளைகளோடு போய் உட்காரலாம். தேறாவிட்டால் மறுபடியும் அதே பாடம், அதே தனி நாற்காலி. அவளுக்கு அந்த ஒன்பதாம் வகுப்பு அறைமேல் அப்படி ஓர் ஆசை, வராந்தாவில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு வருவாளாம்.

இனி உன்னிடம் நான் மறைத்த விஷயம். பாதி விடுமுறையில் ஒரு தேர்வு வைத்தார்கள், அதில் நம் சில்வண்டு கவிழ்ந்துவிட்டாள். எல்லா விடையும் சரி, ஆனால் ஒன்றுக்கும் வழி எழுதவில்லை. வெறும் விடையை மட்டும் வரிசையாக எழுதி, கீழே ஒரு பூப்படமும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார், சன்னமான குரல், கோபமே தெரியாத முகம். “பொண்ணு கெட்டிக்காரிதாம்மா, ஆனா எப்படி வந்துச்சுன்னு கேட்டா ‘வந்துச்சு’ங்கிறா. இப்ப இருக்கிறது சின்னக் கணக்கு, மனசுல வந்துடும். மேல போனா இதே பழக்கம் காலை வாரிவிட்டுடும்” என்றார். இப்படியே போனால் ஒன்பதாவதுக்கு அனுப்ப முடியாது என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சில்வண்டு வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பாள், பெற்றவளுக்குக் கேட்காதா. வெளியே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு “விடைதான் சரியா இருக்கே, அப்புறம் என்னவாம்” என்றாள். அது அச்சு அசல் உன் அப்பா பேசும் பேச்சு. பெயின்ட் அடிக்கப் போகிற இடத்தில் சுவரை ஒரு பார்வை பார்த்து “ஒண்ணரை வாளி பெயின்ட்” என்பார், அளந்து பாருங்கள் என்றால் “அளந்தாலும் அதேதான் வரும்” என்பார், வந்தும் தொலையும். உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று ஆரம்பித்திருப்பாய், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. பாதித் தேர்வுக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஒருவரை மாணவராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றன்றைக்குப் படித்ததை அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கடைசி நாளில் அந்த வீட்டு மாணவரைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் ஒரு கணக்குப் போடச் சொல்வார்கள், பிள்ளை பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் அதில்தான். என்னைத்தான் கூப்பிடுவாள் என்று நான் கண்ணாடியெல்லாம் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க யாருக்கு எந்த நேரம் என்று பிசகாமல் கொடுக்கிறவள் நான். அவளோ நேராகப் போய் அப்பா முன்னால் நின்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஏண்டி என்றேன். “உனக்குச் சொன்னா நீ உடனே சரியா போட்டுடுவேம்மா. அப்பாதான் என்னை மாதிரி” என்றாள். கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டேன்.

பிறகு இந்த வீடு பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் சமையலறை மேசையில் அப்பா உட்கார வேண்டும், எதிரே அவள் அடிக்கோலோடு நிற்பாள். அவர் கணக்கைப் படிப்பார், கூரையைப் பார்ப்பார், விடையைச் சொல்வார். “வழி?” என்பாள். “அதான் விடை வந்துடுச்சே” என்பார். “விடை மட்டும் போதாதுப்பா” என்பாள், அதைச் சொல்லும்போது அவளுக்கே முகம் ஒரு மாதிரி ஆகும். எக்ஸ் என்று ஒன்றைப் போடச் சொன்னால் தெரியாத ஆளை எதற்கு நடுவீட்டில் உட்கார வைக்கிறாய் என்று கேட்பார். வயிற்று வலி என்று ஒரு நாள், கண் எரிகிறது என்று ஒரு நாள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நீ சொன்ன அத்தனை சாக்கும் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. வழி எழுதினால்தான் டீ என்று அவள் உத்தரவு போட்டுவிட்டாள், நானும் அவளோடு கூட்டுச் சேர்ந்துகொண்டேன். வழி எழுதினால் மட்டும் விட்டாளா, வந்த விடையைத் திரும்பக் கணக்கிலேயே போட்டுப் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால்தான் எழுந்திருக்கலாம். போகப் போக மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வெள்ளையடிக்கப் போகிற வீட்டில் பூச்சுக்கு முன்னால் சுவர் முழுக்கப் பென்சிலால் கணக்குப் போட்டுப் பழகியிருக்கிறார். அந்த வீட்டம்மா பார்த்துவிட்டு, இதெல்லாம் கூலியா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். அவளுக்கும் ஒரு மாற்றம் வந்தது. அப்பாவுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வரியாக எழுதி எழுதி, கடைசியில் தன் கணக்கையும் அப்படியே எழுத ஆரம்பித்துவிட்டாள். பூப்படமும் போடுகிறாள், அதை நான் தடுக்கவில்லை.

கடைசி நாள் வந்தது. அப்பா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சட்டை போட்டுக்கொண்டார், நகக்கண்ணில் மட்டும் நீலப் பெயின்ட் போகவே இல்லை. வகுப்பில் பெற்றவர்கள் எல்லோரும் சின்னப் பெஞ்சுகளில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தோம். அவருக்கு வந்த கணக்கு இது. ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி ஐந்தைக் கழித்தால் என்ன வருமோ, அதே எண்ணோடு இருபத்தைந்தைக் கூட்டினாலும் அதுவே வரும், அந்த எண் எது? டீச்சர் படித்து முடிப்பதற்குள் இவர் கூரையைப் பார்த்தார், எனக்கு அப்போதே பகீரென்றது. “பதினஞ்சு” என்றார். டீச்சர் சாக்பீஸை நீட்டினார். சில்வண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இவர் எக்ஸ் போட்டு அழகாகத்தான் தொடங்கினார், ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார், கடைசியில் எக்ஸ் பத்து என்று வந்து நின்றது. வாய் சொன்னது பதினைந்து, கை எழுதியது பத்து. பழைய ஆளாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று உனக்குத் தெரியும், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதுதான் சரி என்று வந்து உட்கார்ந்திருப்பார். அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக்கொண்டாள்.

அவர் கீழே வைக்கவில்லையடி. பத்தைப் போட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் இருபத்தைந்து, மறுபக்கம் முப்பத்தைந்து, சேரவில்லை. பதினைந்தைப் போட்டுப் பார்த்தார், இரண்டு பக்கமும் நாற்பது. அத்தோடும் விடவில்லை, தப்பு எங்கே என்று முதல் வரியிலிருந்து விரலை வைத்து வைத்து இறங்கினார், ஓரிடத்தில் விரல் நின்றது. கழித்தல் ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோனவர், கூட்டல் ஆக்க மறந்துவிட்டிருக்கிறார். நெற்றியில் தட்டிக்கொண்டு, “எத்தனை தடவை சொல்றது, மாத்தாம தூக்கிட்டு வந்தா எப்படிப்பா?” என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார், அப்படியே அவள் குரலில், அந்த ‘ப்பா’வையும் விடாமல். வகுப்பு முழுக்க வெடித்துச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை, அழித்து, திருத்தி, பதினைந்து என்று எழுதிக் கீழே கோடு போட்டுவிட்டுத்தான் திரும்பினார். டீச்சர் அவரை விட்டுவிட்டு அவளிடம் போய், “கணக்கு யார் வேணும்னாலும் சொல்லிக் குடுப்பாங்க, தப்பைத் தேடவும் சொல்லிக் குடுத்திருக்கியே” என்றார். சில்வண்டுக்குப் பதில் பேச வாய் வரவில்லை, பிறந்ததிலிருந்து முதல் தடவை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைக்க என்ன இருக்கிறது, பெருமையாக இருந்தது.

நேற்று டீச்சர் எனக்கு வேலை நேரத்தில் போன் செய்தார், தேறிவிட்டாள், பள்ளி திறந்ததும் ஒன்பதாவது அறைதான். நான் போட்ட கூச்சலில் உள்ளே டாக்டர் ஊசியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்துவிட்டார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த நோயாளிதான் பாவம், விஷயத்தைக் கேட்டதும் வாயை மூட முடியாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சில்வண்டுக்குத் தலைகால் புரியவில்லை, இப்போதே புத்தகப் பையை அடுக்கி வாசலில் வைத்துவிட்டாள். அதற்குள் புது மாணவர் வேறு தேடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது உன்னைத்தான் பிடிக்கப் போகிறாள், தப்பிக்க வயிற்று வலி என்று சொல்லாதே, அந்தச் சாக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

நேரத்துக்குத் தூங்கு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. வேலை இடத்தில் யாராவது ஏதாவது சொன்னால் மனசில் போட்டுக் குமையாமல் என்னிடம் சொல். போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும், உன் கை பட்ட காரியம் எல்லாம் நிறைவாக முடியட்டும். ஊருக்கு வர மேலதிகாரியிடம் லீவு கேட்பதை மட்டும் தள்ளிப் போடாதே, போன தடவையும் அப்படித்தான் கை நழுவியது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

பி.கு. கடையிலிருந்து வந்துவிட்டார்கள். உன் அப்பா இடம் விடச் சொல்லித் தானே ஒரு கணக்கை உருவாக்கி எழுதியிருக்கிறார். நம் சாப்பாட்டு மேசையில் நாலு நாற்காலி, மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம், மூன்றும் எக்ஸும் சேர்ந்தால் நாலு, ஆகவே எக்ஸ் ஒன்று. ஒரு வரி விடாமல் வழி எழுதியிருக்கிறார். போட்டுப் பார்க்கிற வரியை மட்டும் காலியாக விட்டிருந்தார், சில்வண்டு உடனே அடிக்கோலை எடுத்துக்கொண்டு ஏன் என்று கேட்டாள். “அவ வந்து உட்காரட்டும், அப்பதான் பார்க்க முடியும்” என்றார். சில்வண்டு மார்க்கைக் குறைக்கவில்லை.