அம்மா உன்னிடம் சொன்ன பதில்

இன்று காலை பீரோவின் மேலிருந்து பரீட்சை அட்டை என் தலையில் விழுந்தது. கிளிப் துருப்பிடித்துப் போயிருக்கிறது. பின்பக்கம் உன் கையெழுத்தில், "பொம்பளைங்கள தனியா கேளு". அடியில் இரண்டு கோடு வேறு. நீ போய் மூன்று வருடம் ஆகிறது, இன்னும் என்னை அதட்டிக்கொண்டிருக்கிறாய்.

மறுபடியும் சட்டமன்றத் தேர்தல். மறுபடியும் கருத்துக்கணிப்பு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது தாள் இல்லை, டேப்லெட். ஆணா பெண்ணா, வயது, சாதி, தொழில், யாருக்கு ஓட்டு. கட்டங்கள் மட்டும் அதேதான். நேற்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

போன தேர்தல் கணிப்பின் முதல் நாள் நினைவிருக்கிறதா? நீ காஞ்சிபுரத்து நெசவுக்காரத் தெரு, நான் வாலாஜாபாத் பக்கம் காலனி. அவரவர் ஆட்களை அவரவர் கேட்கலாம் என்றுதான் நம்மைச் சேர்த்து அனுப்பினார்கள். உங்கள் தெருவில் ஒரு தறி முன்னால் போய் நின்றேன். சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். கணவர் நெய்ய, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். கணவரைக் கேட்டேன், ஒரு பெயர் சொன்னார். அந்த அம்மாவைக் கேட்டேன், அதே பெயர். ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று குறித்துக்கொண்டு பெருமையாக வெளியே வந்தேன். நீ தாளைப் பிடுங்கிப் பார்த்தாய்.

"ஒரு தறியில கேட்டா ஒரு பதில்தாம்மா. இத போயி ரெண்டுன்னு எழுதிக்கினு இருக்கிற."

மறுநாள் காலை அதே தெருவில் நீளத்துக்கு, தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலை விரித்திருந்தார்கள். ஆண்கள் அந்தக் கோடியில், பெண்கள் இந்தக் கோடியில் நின்று நூலைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நீ இந்தக் கோடியில் போய்ப் பேச்சுக் கொடுத்தாய். முந்தின நாள் பார்த்த அதே அம்மா வேறு பெயரைச் சொன்னார். வீட்டுக்காரருக்குக் கூலியும் பட்டு விலையும் கவலை. இவருக்கு ரேஷனும் பஸ்சும். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வண்டிக்குக் காத்திருந்த மகளைக் கேட்டால், வேலையை நிரந்தரம் ஆக்குகிறவருக்குத்தான் என்று மூன்றாவது பெயர். ஒரே வீடு, ஒரே சாதி, மூன்று ஓட்டு.

இவ்வளவு பார்த்த பிறகும் அதைச் செய்தேனே, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. எங்கள் காலனிக்குப் போன அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. நம் ஆட்கள்தானே, எனக்குத் தெரியாததா என்று சர்ச் வாசல் நிழலில் உட்கார்ந்து பெண்களின் தாள்களை எல்லாம் நானே நிரப்பினேன். எல்லாருக்கும் ஒரே பெயர், என் அப்பா ஆயுசுக்கும் ஓட்டுப் போட்ட பெயர். சாயங்காலம் நீ தனியாகப் போய் வீடு வீடாகக் கேட்டுவிட்டு வந்து, என் தாள்களைக் கிழித்துப் போட்டாய்.

"உங்க அம்மாவையாச்சும் கேட்டியா நீ?"

அம்மா யாரைச் சொன்னாள் என்று கேட்டேன். "என்னை நம்பிச் சொன்னாங்க, வேணும்னா நீயே போய்க் கேளு" என்றுவிட்டாய். நான் கேட்கவில்லை. முதலில் கோபம், பிறகு வீம்பு, பிறகு வெட்கம். இப்படியே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் நீ போய்ச் சேர்ந்தாய். அப்பாவும் போய்விட்டார்.

நேற்று எங்கள் காலனி என் பட்டியலில் வந்தது. முதலில் அம்மாவிடம்தான் போனேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. நீ சொன்னபடி தனியாகத்தான் கேட்டேன், இந்த முறை யாருக்கு, போன முறை யாருக்கு என்று. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சு, சொன்னேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீயே எழுதிக்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளைக் கேட்காமலே அவள் தாளை நான் நிரப்பியது இத்தனை வருடமும் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

டேப்லெட்டில் ஏதாவது ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போக முடியாது. 'சொல்ல மறுத்தார்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதன்மேல் விரலைக் கொண்டுபோய் எடுத்துவிட்டேன். அம்மா எங்கே மறுத்தாள்? உன்னிடம் சொன்னாளே.

டேப்லெட்டில் அந்தப் பக்கம் இன்னும் அப்படியே நிற்கிறது. அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு இப்போது மறுபடியும் அம்மாவிடம்தான் கிளம்புகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுப்பேன். இன்றைக்கு எதுவும் கேட்கமாட்டேன்.