சிவப்புப் பென்சிலால் திருத்திய வடக்கு

அஸ்ஸலாமு அலைக்கும், வாப்பா.

உங்கள் கப்றை, அந்த மண்ணறையை, அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். அறை சிறுத்தால் நீங்கள் படுத்துகிற பாடு எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பிளான் கீறக் கேட்டு வந்தவர்களிடம், "இந்தளவு அறைக்குள்ள மனிசன் எப்படி மூச்சு விடுற?" என்று சண்டை பிடித்தவரல்லவா நீங்கள்.

நீங்கள் மௌத்தான பிறகு பூட்டிய மேல்மாடி ஒபிஸைப் போன மாதம்தான் திறந்தேன். எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீட்டில் மேல்மாடியை மட்டும் உங்களுக்கென்று பிடித்து வைத்துக்கொண்டீர்கள் என்று அந்தக் காலத்தில் முணுமுணுத்திருக்கிறேன். சுனாமி வந்தபோது கீழே என் தையல் மெஷினும் கல்யாண அல்பமும் போயின. உங்கள் வரைபடங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. இப்போது கொழும்பிலுள்ள ஓர் ஆவணக்காப்பகம் அவற்றைக் கேட்கிறது. கட்டடக் கலைஞர்களின் வரைபடம், புகைப்படம், ஒபிஸ் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாதுகாக்கிறார்களாம். கல்முனைக்குடியில் இருந்துகொண்டு நீங்கள் கீறியதெல்லாம் அங்கே போகப்போகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கிழமைக்கு அப்படித்தான் இருந்தேன்.

காப்பகத்திலிருந்து தர்ஷினி என்றொரு பிள்ளை வந்தாள். வினாயகபுரத்துக்காரி. நான் கெட்டித்தனமாக, கிழிந்த ட்ரேசிங் தாள்களுக்கு செலோடேப் ஒட்டி வைத்திருந்தேன். அதைக் கண்டதும் அவளுக்கு அழுகை வராத குறை. "ஐயோ அக்கா, இனி ஒண்டும் ஒட்டாதீங்க! கிழிஞ்சது கிழிஞ்சபடி இரிக்கட்டும்." பிறகு உங்கள் சரிவு மேசைக்கு முன்னால் குந்தி, மெல்லிய தூரிகையால் பூச்சி அரித்த தூளைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு தாளின் பின்புறமும் பென்சிலால் இலக்கம் போட்டாள். போகும்போது ஒன்று சொன்னாள்.

"இது நல்லது, இது கூடாதெண்டு நீங்க தெரிவு செய்யாதீங்க அக்கா. அவர் வெச்ச ஒழுங்கிலயே முழுசாத் தாங்க. கடைசியில, எல்லாம் தந்தாச்செண்டு ஒரு கையெழுத்து வெக்கணும்."

"ஓம்," என்றேன். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள்தான் நம்முடைய தெருப் பள்ளிவாசலின் கோப்பைத் திறந்தேன். வாப்பா, அந்தக் கோப்பை நீங்கள் ஏன் எரிக்கவில்லை?

வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். நம்முடைய பள்ளியில் சுவர் ஒரு பக்கம் பார்க்கும், தொழுகைக்கு நிற்கிறவர்கள் இன்னொரு பக்கம் பார்ப்பார்கள். கூரையும் போட்ட பிறகு, ஊருக்கு வந்த ஒரு மௌலவி திசைகாட்டியை வைத்துப் பார்த்து, கட்டடம் கிப்லாவுக்கு நேரில்லை, மக்காவின் திசையிலிருந்து விலகி நிற்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து விரிப்பின் கோடுகள் சுவரோடு ஒட்டாமல் சரிந்து கிடக்கின்றன. முன் மூலையில் ஆள் நிற்க முடியாத ஒரு முக்கோணம் இன்றைக்கும் வெறுமையாகக் கிடக்கிறது. பிழை சுவர் கட்டிய மேசனுடையது என்று ஊர் பேசியது. ஆதம்பாவா மேசன் கோணல் மேசன் ஆனார். நானும் சின்ன வயதில் அப்படித்தான் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையாவது என் வாயில் அடித்திருக்கலாம்.

கோப்பில், மற்றத் தாள்களுக்கு நடுவில், மூன்று சாமான் இருந்தன. முதலாவது, பள்ளியின் வரைபடம். அதில் வடக்கைக் காட்டும் அம்பைக் கடற்கரை வீதிக்கு நேராகக் கீறியிருக்கிறீர்கள். கடல் கிழக்கு, ஆனபடியால் வீதி வடக்குத் தெற்கு. இந்தக் கரையில் பிறந்த எவரும் அப்படித்தான் சொல்லுவார்கள். வீதி சரிந்து போவது நடக்கிறவனுக்குத் தெரியாது. படித்துவிட்டு வந்த நீங்களும் திசைகாட்டியை எடுக்காமல் அந்த ஊர்ப் பேச்சை நம்பிவிட்டீர்கள். அந்த அம்பின் மேல் சிவப்புப் பென்சிலால் இன்னொரு அம்பு. அது சரியான வடக்கு. பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பமும் திகதியும்.

இரண்டாவது, அத்திவாரம் வெட்ட நூல் பிடித்த நாளில் எடுத்த படம். ஆதம்பாவா மேசன் படுகிற பொழுதைக் கையால் காட்டிக்கொண்டு நிற்கிறார். நீங்கள் தாளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

மூன்றாவது, பள்ளியின் நம்பிக்கையாளர் சபைக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் காபன் பிரதி. "வரைபடத்தின்படி மேசன் நூல் பிடிக்காததே இதற்குக் காரணம்." கீழே உங்கள் கையெழுத்து. அதன் திகதி சிவப்புப் பென்சில் திகதிக்குப் பிந்தியது. தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறீர்கள், வாப்பா.

எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. வெட்கமும்தான். மூன்றையும் உருவி எடுத்து, பாய்க்குள் சுருட்டி ஒளித்தேன். அன்று பின்னேரமே பாயை விரிக்க வேண்டி வந்ததால் அலுமாரிக்கு மேலே வைத்தேன். அங்கேயும் மனம் ஒப்பவில்லை. கணக்குப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் ஒரு கோணம் கீறிவிட்டு, என்ன கேட்க வந்தேன் என்று மறந்து நின்றேன். இன்னொரு தடவை வந்து கோப்புகளைப் பார்த்துவிட்டுப் போன தர்ஷினி போன் எடுத்து, "அக்கா, ஒரு கோப்பு மெலிஞ்சமாதிரி இரிக்கி, என்னவும் விழுந்திட்டா?" என்று கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்றேன். உங்கள் மகள் பொய் சொல்லவும் பழகிவிட்டாள்.

ஒரு நாள் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, சுருளைப் பையில் வைத்துக்கொண்டு ஒலுவிலுக்கு பஸ் ஏறினேன். அங்கே கடல் எத்தனையோ தென்னையைத் தின்றுவிட்டது. இந்த மூன்று தாளையும் தின்னாதா என்று நினைத்தேன். காலில் போட்ட சப்பாத்து நனைய நனைய நின்றேன். அப்போது ஒரு விசயம் உறைத்தது. கடைசி வருசத்தில் நீங்கள் குந்தியிருந்து பழைய காகிதமெல்லாம் கிழித்தீர்கள். கரண்ட் பில்லைக்கூட விடவில்லை. இதைக் கிழிக்கவில்லை. இலக்கம் போட்டு, நூல் கோத்து, இடத்தில் வைத்தீர்கள். யார் எடுப்பார்கள் என்று வைத்தீர்கள்? நான் என்றா?

அடியானுக்குச் செய்த பிழையை அந்த அடியான் பொறுத்தால்தான் அல்லாஹ்வும் பொறுப்பான் என்று எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள். ஆதம்பாவா மாமா இன்னும் உயிரோடு இருக்கிறார். நீங்கள் கப்றுக்குள்ளே கிடக்கிறீர்கள். நான் வேறு என்ன செய்ய?

அடுத்த பஸ்ஸில் திரும்பி, நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன டீச்சர், கோணல் மேசன்ட வீட்டுக்கு வழி தெரிஞ்சிட்டா?" நனைந்த சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தேன்.

மாமாவுக்குக் கண் மங்கல். படத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். சிவப்பு அம்பை விரலால் தடவச் சொல்லி, அது வாப்பாவே பிறகு திருத்திய வடக்கு என்றேன். பிறகு கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வரைக்கும் வாசித்தேன்.

"பொழுது படுறது அங்கால எண்டு அண்டைக்கே சொன்னன் மகள். 'நீங்க தாளப் பாருங்க மேசன்' எண்டாரு. தாள்ல உள்ளபடிதான் நூல் புடிச்சன்." படத்தை மடியில் வைத்தார். "பொறகு ஊரில ஒருத்தரும் எனக்கு வேலை தரல்ல. உங்கட வாப்பா மட்டும்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தந்தாரு. இப்படியும் ஒரு மனிசனா எண்டு நெனச்சன். ஒவ்வொரு தொழுகையிலயும் அவருக்கு துஆக் கேட்டன்."

மகள் சாயத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

"மாமா, வாப்பாவைப் பொறுத்துக்கொள்ளுவீங்களா?" என்று கேட்டேன். நேரே கேட்டுவிட்டேன்.

"இந்தத் தாளெல்லாம் எங்க போகுது?"

"கொழும்புக்கு. அங்க பத்திரமா இரிக்கும். கேட்டு வாற ஆக்களுக்குக் காட்டுவாங்க."

"என்னக் கோணல் மேசன் எண்டது கொழும்பு ஆக்களா? நம்மட தெருவில உள்ளவங்க எப்படிப் பாக்கிற? முதல்ல இவங்களுக்குச் சொல்லுங்க. பொறகு வாங்க. அப்ப நான் சொல்றன்."

அதனால்தான் வாப்பா, ரகசியமாகப் பேச வேண்டியதை எல்லாரும் படிக்க எழுதி, தெருவில் வீட்டுக்கு வீடு கொடுக்கிறேன். நம்முடைய தெருக்காரர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி சரிந்தது என் வாப்பாவின் வரைபடத்தால். ஆதம்பாவா மேசன் நூலை நேராகத்தான் பிடித்தார்.

மூன்று தாளையும் கோப்பில் அதே இடத்தில் வைத்துவிட்டேன். தர்ஷினியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஏசவில்லை. காப்பகத்தின் பட்டியலில், அந்தப் பள்ளிக்கு நேரே, உங்கள் பெயருக்குக் கீழே மேசனின் பெயரையும் எழுதச் சொன்னேன். முழுப் பெயராக எழுதினாள். பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

நாளைக்கு இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். அவர் மகளும் கேட்கும்படி சத்தமாக வாசிப்பேன். பொறுத்தேன் என்பாரோ, எழும்பி உள்ளே போய்விடுவாரோ, தெரியாது. இன்றைக்கு அவர் தொழுகையில் உங்கள் பெயர் இருந்ததோ, அதுவும் தெரியாது. அவர் சொல்லும் வரைக்கும் போய்க்கொண்டே இருப்பேன், வாப்பா. இதன் பிரதி ஒன்றை அந்தக் கோப்பில், நீங்கள் சபைக்கு எழுதிய கடிதத்துக்கு அடுத்ததாக, நூலில் கோத்து வைக்கிறேன். உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு காலமும் ஒருவரும் பதில் போடவில்லை.

உங்கள் பெயரை விட்டுக்கொடுத்தும் உங்களை விட்டுக்கொடுக்காத,
மூத்த மகள் றிஹானா